மலையேற்றத்துக்காக வாங்கிய உடைகளிலும் காலணிகளிலும் உங்களைப் பெரிதும் ஏமாற்றியது எது?

நான் மிகவும் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜோடி காலணிதான் என்னை மிகவும் ஏமாற்றியது. கணுக்காலுக்கு மேல் வரை உயர்ந்த, முழுத் தோலால் ஆன, கனமான மலையேற்றக் காலணி அது. என் வசதிக்குச் சற்று மீறிய விலை என்பதால் சாதாரண நடைகளுக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. என்றாவது ஒரு நீண்ட பயணம் வாய்க்கும், அப்போது உதவும் என்று எண்ணியபடி ஏழு ஆண்டுகளில் மொத்தமாக இருபது நாள்கூட அதை அணிந்திருக்க மாட்டேன். அணிந்த ஒவ்வொரு முறையும் மண்ணைத் துடைத்து, தோலுக்கு மெழுகு தடவி, வாங்கிய பெட்டியிலேயே போட்டு மூடி வைத்தேன்.

அந்த நீண்ட பயணம் வாய்த்தது. இரண்டாம் நாள் இறக்கத்தில் வலது குதிகாலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று அமுங்குவதை உணர்ந்தேன். சேறு அப்பியிருக்கும் என்று நினைத்து ஒரு பாறையில் காலைத் தேய்த்தபோது, ரப்பர் சோல் குதிகால் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு, நுனியில் மட்டும் ஒட்டியபடி தொங்கியது. சோலுக்கும் தோலுக்கும் நடுவே அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டிருக்கும் நுரை அடுக்கை விரலால் தொட்டேன். கரையான் அரித்த கட்டையைப் போல அது பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஒட்டிய துகள்களில் இலேசான பிசுபிசுப்பு இருந்தது. மேலே தோல் புத்தம் புதிதாக இருந்தது. சோலின் பள்ளங்களும் தேயவே இல்லை. கூடாரத்துக் கயிறு ஒன்றை வெட்டிக் காலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி நடந்தேன். கயிறு கற்களில் உரசி அறுந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் இடது காலிலும் அதுவே நடந்தது. மீதி இறக்கம் முழுவதும் என் சுமையில் பாதியைத் தன் பையில் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னே நின்று நின்று கைகொடுத்து இறக்கிய நண்பருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

இரண்டும் ஒரே நாளில் போனது தற்செயல் அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நுரை பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. கனமான சுமையோடு நீண்ட நாள் நடந்தாலும் அமுங்கித் தட்டையாகிவிடாது என்பதால்தான் நல்ல மலையேற்றக் காலணிகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். காலணியை நாம் வாங்கிய நாளில் அல்ல, நுரை வார்க்கப்பட்ட நாளிலேயே இது தொடங்கிவிடுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் வேகமும் கூடுகிறது. காற்றோட்டமில்லாத பெட்டியில் மூடி வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. அடிக்கடி அணிந்து நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியே தள்ளுவதால் சிதைவு தாமதமாகிறது என்று காலணி தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். அதாவது, தேய்ந்துவிடக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கவனமும் அதன் ஆயுளைக் குறைத்திருக்கிறது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. விற்றவர் தோலைத் தட்டிக் காட்டி, பத்து ஆண்டு தாராளமாக உழைக்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, தோல் உழைத்திருக்கும். ஆனால் உள்ளே உள்ள நுரைக்கு ஒரு வயது உண்டு என்பதை அவரும் சொல்லவில்லை, பெட்டியிலும் அச்சிடப்படவில்லை. வாகன டயரின் பக்கவாட்டில் அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் தயாரானது என்பதை நான்கு இலக்கங்களில் பொறிக்கிறார்கள். ஆபத்தான சரிவில் ஒரு மனிதரின் முழு எடையையும் தாங்கப்போகும் காலணிக்கும் அந்த அளவு நேர்மை வேண்டும். சில காலணிகளின் நாக்குப் பகுதியில் உள்ள சிறு துணிச்சீட்டில் தயாரிப்பு மாதம் இருக்கும். வாங்கும் முன் தேடிப் பாருங்கள். தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய இருப்பாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஈவிஏ என்னும் வேறு வகை நுரை இப்படி உதிர்வதில்லை. ஆனால் நாளடைவில் அமுங்கி இறுகிப்போகும்.

அடுத்த ஏமாற்றம் மழைக்கோட்டு. என்னிடம் இருந்த மலிவான கோட்டின் உட்புறப் பூச்சும் பாலியூரித்தேன்தான். பைக்குள் மடித்தே கிடந்த அது, மூன்றாம் ஆண்டு விரித்தபோது பாம்புச் சட்டை போல உரிந்து வந்தது. தையல்களின் மேல் ஒட்டியிருந்த பட்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. காரணம் அதே நீராற்பகுப்பு என்பதால் மேலும் விரிக்கவில்லை.

அதற்குப் பதிலாக வாங்கிய விலை உயர்ந்த கோட்டைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நான் தவறாகப் பழித்தேன். நுண்துளைச் சவ்வு கொண்ட கோட்டு அது. டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தால் அது கோடிக்கணக்கான நுண்துளைகளோடு விரிகிறது என்பதை 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த வகை. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய துளைகள் அவை. இரண்டாம் ஆண்டு மழையில் உள்ளே தொப்பலாக நனைந்துவிட்டேன். கோட்டு ஒழுகுகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் சவ்வு ஒழுகவில்லை. சவ்வின் மேலுள்ள துணிக்கு நீரை உதறித் தள்ளும் ஒரு பூச்சு இருக்கிறது. வியர்வையும் உடம்பின் எண்ணெயும் அழுக்கும் பையின் தோள்பட்டை உரசலும் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்திருந்தன. அதனால் மேல்துணி நீரைக் குடித்துக் கனத்து, ஆவி வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. என்னை நனைத்தது என் வியர்வையேதான்.

துவைத்தால் கெட்டுவிடும் என்று அஞ்சி அதுவரை அதை ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. பராமரிப்புச் சீட்டில் சொல்லியிருந்தபடி, இத்தகைய துணிகளுக்கென்றே உள்ள திரவ சோப்பில், துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவைத்து, இரண்டு முறை அலசி, குறைந்த சூட்டில் உலர்த்தினேன். பிறகு குழாயடியில் கையை நீட்டிப் பார்த்தபோது, தாமரை இலையில் உருள்வது போலத் துளிகள் முழங்கையில் உருண்டோடின. தோள்பட்டைப் பகுதி மட்டும் நனைந்தது. அங்கே பூச்சு முற்றிலும் தேய்ந்திருந்ததால் தெளிப்பான் வாங்கிப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.

மழைக்கோட்டின் சீட்டில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அத்தனை உயர நீரின் அழுத்தத்தைப் புதிய துணியின் ஒரு துண்டு தாங்கியது என்பதே அதன் பொருள். ஜிப், தையல், தலைமூடியின் விளிம்பு ஆகியவற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஆவி வெளியேறும் அளவைக் காட்டும் எண்ணை வெவ்வேறு முறைகளில் சோதிக்கிறார்கள். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

இதே போன்ற சவ்வு கொண்ட நீர்புகாக் காலணியையும் வெப்பமான பருவத்துக்கு நான் இப்போது வாங்குவதில்லை. ஓடையில் கணுக்காலுக்கு மேல் இறங்கினால் நீர் மேல்வழியாகப் புகுந்துவிடும். புகுந்த நீரைச் சவ்வு வெளியே விடாது.

உங்கள் அலமாரியிலும் ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த காலணி இருந்தால், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வெளியில் எடுத்து, நுரை அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்து, மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வெடிப்பு இல்லையென்றாலும் முழுச் சுமையோடு ஒரு நாள், வீடு திரும்புவது எளிதான பாதையில் நடந்து பாருங்கள். என் காலணியின் தோல் நன்றாக இருந்ததால், தயாரித்தவர்களுக்கே அனுப்பி நுரையையும் சோலையும் மாற்றிக்கொண்டேன். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் நாக்கின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன்; வாரம் ஒருமுறையாவது அதை அணிந்துதான் நடக்கிறேன்.