பக்கெட்டைத் தூக்கும்போது எங்கே போகிறது ஈஸ்டர்?

கேள்வி: மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பைத் துவைப்பது, மறுநாளும் அதேதான். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன், ஈஸ்டர் ஆராதனையில் அழுகிறேன், ஆனால் வீட்டுக்கு வந்து பக்கெட்டைத் தூக்கினால் அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. என் நாட்கள் வீணாகின்றனவா?

பதில்: சகோதரி, 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே சலித்திருக்கும்.

பைபிளில் மாற்கு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் அற்புதம் பார்க்கப் போகவில்லை, செத்துப்போன ஒரு உடம்புக்குச் சுகந்தவர்க்கம், அதாவது வாசனைப் பொருட்கள், இடப் போனார்கள், அதாவது நீங்கள் தினமும் செய்கிற வேலைக்குப் பக்கத்து வேலை. வழியில் அவர்கள் பேசிக்கொண்டதும் 'கல்லை யார் புரட்டுவார்' என்ற கவலையைத்தான். உயிர்த்தெழுந்த செய்தி முதலில் இவர்கள் காதில்தான் விழுந்தது. சீஷர்கள் அப்போது அங்கே இல்லவே இல்லை!

உயிர்த்தெழுதல் என்றால் செத்த பிறகு கிடைக்கிற ஏதோ ஒன்று என்று நாம் ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறோம். சரீரமே எழுந்திருக்கும் என்பதல்லவா நம் விசுவாசம்? அப்படியானால் நீங்கள் துடைக்கிற முதுகு, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்கிற இடுப்பு, இதெல்லாம் தூக்கியெறியப் போகிற பழைய துணி இல்லை. எழுந்த கிறிஸ்துவே கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்து, ராத்திரி முழுக்க வலை இழுத்துக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். யோவான் 21-இல் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

அப்புறம் அப்போஸ்தலன் பவுல். மரித்தோர் எழுந்திருப்பதில்லை என்று கொரிந்து சபையில் சிலர் சொன்னபோது 1 கொரிந்தியர் 15-இல் 58 வசனம் எழுதிப் பதில் சொன்னவர், கடைசி வசனத்தில் 'கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது', அதாவது வீணாகாது, என்கிறார், அடுத்த அதிகாரத்தைத் தர்மப்பணம் சேர்க்கிற கணக்கில் ஆரம்பிக்கிறார். பரலோகம் பேசிய கையோடு காசுப் பேச்சு! அவருக்கு இரண்டும் ஒரே விஷயம்.

இதனால் நாளைக்கு உங்கள் இடுப்புவலி போய்விடாது. வாரத்தில் ஒரு நாளாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சபையில் யாரையாவது கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். மாற்கு சொல்கிறபடி அந்தப் பெண்களும் மூன்று பேராகத்தான் போனார்கள்.