ஸ்டூல் மேல் நிற்கும் அண்ணன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்றரை வருடமாக ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகனுக்கு மட்டும் 20 பக்கக் குறிப்பு வைத்திருக்கிறேன். படிப்பு, பிடித்த நிறம், சின்ன வயதில் நாய் கடித்தது வரை எல்லாம் அதில் உண்டு. ஆனால் படித்துப் பார்த்த நண்பர்கள், "கதை சரி, ஆளைத்தான் நம்ப முடியவில்லை. எல்லோரும் உன்னை மாதிரியே பேசுகிறார்கள்" என்கிறார்கள். குறிப்பை இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். 20 பக்கமே அதிகம்.

குறிப்பு எழுதுவதில் தப்பில்லை. லாயோஸ் எக்ரி, நாடகம் எழுதுவது பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் உடல், சமூகச் சூழல், மனம் என்று மூன்றாகப் பிரித்து ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறார். நம்மில் பலர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் விட்டு விலக முடியாத இரண்டு பேரை மோதவிடுங்கள் என்று அவர் சொன்னதை விட்டுவிட்டோம்.

நாய் கடித்ததை நாவலில் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும்தான் கணக்கு. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று பார்த்தால், இரண்டு மணி நேரப் படத்துக்கு உங்கள் கையில் இருப்பது 120 பக்கம். இப்படி ஒரு காட்சி வையுங்கள்: நாயகி மாடியிலிருந்து கிளம்பப் போகிறாள், நாயகன் இப்போது ஓடினால்தான் பிடிக்கலாம். படிக்கட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது. அவன் நின்றுவிடுகிறான். நாய்க்கடிக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

நான் பட்ட ஒரு அடியைச் சொல்கிறேன். அண்ணன், தம்பியிடம் கடன் கேட்க வரும் காட்சி. முதல் வரைவில் அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, "உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கா" என்று முக்கால் பக்கம் பேசினார். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது (இது ஒரு கெட்ட அறிகுறி என்பது பிறகுதான் புரிந்தது). ஒத்திகையில் அந்த வேடத்தில் நடித்தவர் வசனத்தைப் பேசிப் பார்த்துவிட்டு, "இவர் இதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஏதாவது கேட்டிருக்காரா?" என்றார். இல்லை, எப்போதும் கொடுத்தவர்தான் என்றேன். "அப்போ இவ்வளவு சரளமா எப்படிக் கேட்பார்?"

எரிச்சலாக இருந்தது. ஆனால் பதில் இல்லை.

அன்று இரவு மாற்றி எழுதினேன். அண்ணன் உள்ளே வரும்போதே மின்விசிறி கடகடக்கிறது. "இதைக்கூடப் பார்க்க மாட்டியா?" என்று தம்பியைத் திட்டி, விசிறியை நிறுத்தச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறுகிறார். தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறான். திருகாணியை முடுக்கிக்கொண்டே, கீழே பார்க்காமல், "கையில ஏதாவது இருக்கா?" என்கிறார். தம்பி தன் உள்ளங்கையில் வைத்திருந்த இன்னொரு திருகாணியை மேலே நீட்டுகிறான். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அதையும் வாங்கி மாட்டுகிறார்.

அவருக்குப் பணமும் வேண்டும், அண்ணனாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எதையாவது கொடுக்காமல் அவரால் எதையும் கேட்க முடியாது. அவருக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பில் இது எங்கேயும் இல்லை. கேட்க வேண்டிய நெருக்கடியில் நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்புறம் அவருடைய மற்ற காட்சிகளையும் திருத்த வேண்டியதாயிற்று. அரிஸ்டாட்டில் கவிதையியலின் 15ஆம் அத்தியாயத்தில், முன்னுக்குப் பின் முரணான ஆளாக இருந்தாலும் அந்த முரணில் ஒரு சீர் இருக்க வேண்டும் என்கிறார். ஓர் இடத்தில் கூச்சப்பட்டு இன்னோர் இடத்தில் கூசாமல் கேட்டால், நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் கேட்பார்.

எல்லோரும் உங்களைப் போலவே பேசுவது ஏன் என்றால், எல்லோரும் மனதில் இருப்பதை முழு வாக்கியமாகச் சொல்லி முடிக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குத் தாவுகிறார், யார் பாதியில் நிறுத்துகிறார் என்று பிரிந்து தெரிய வேண்டும். அதற்காக ஆளுக்கொரு 'பஞ்ச்' கொடுத்துவிடாதீர்கள். அது நெற்றியில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை.

துணைப் பாத்திரங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. கெட்ட செய்தி சொல்ல வரும் டாக்டருக்கு, எதிரில் நிற்பவர்தான் நாயகன் என்று தெரியாது. அவருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

சரி, அந்த 20 பக்கத்தை என்ன செய்வது? நாய்க்கடியை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த நிறத்தை உடை வடிவமைப்பாளரிடம் கொடுத்துவிடலாம்.