முகம் வெட்டுப்படாத மொசைக் பக்கம்

வாசகி ஒருவரின் கேள்வி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் 45 இருக்கின்றன. எல்லாமே 4×6 பிரிண்ட். 12 அங்குலச் சதுர ஸ்க்ராப்புக்கில் மொசைக் மாதிரி ஒட்ட ஆசை. 1 அங்குலக் கட்டம் போட்டு வெட்டிப் பார்த்தேன், முகமெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. எந்த அமைப்பு சரியாக வரும்?

பதில்: உங்கள் கட்டம் இந்தப் படங்களுக்குச் சின்னது, அவ்வளவுதான். 1 அங்குலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 144 சதுரம். கடல், மலை, பூந்தோட்டம் போன்ற காட்சிகளுக்கு அது அருமையாக இருக்கும். கல்யாணப் படத்தில் எல்லோரும் தேடுவது முகத்தை. கண்ணுக்கு நடுவே ஒரு கோடு ஓடினால் ஆளே மாறிப்போவார்.

கட்டத்தை 2 அங்குலமாக்குங்கள். வரிசைக்கு 6, மொத்தம் 36 கட்டம். 4, 6 இரண்டும் இரண்டால் வகுபடுவதால் ஒரு பிரிண்ட் சரியாக 6 கட்டத்தில் உட்காரும். வீணாவது மிகக் குறைவு.

நான் உங்களுக்குச் சொல்லும் அமைப்பு இது. தாளில் பென்சிலால் லேசாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நடு இரண்டு வரிசையில், இடது பாதியில் அப்பா அம்மா மாலையோடு இருக்கும் படத்தை முழுதாக வையுங்கள். அதன் வலப்பக்கத்து 6 கட்டத்துக்கு முகமே இல்லாத ஒரு படத்தை எடுங்கள்: கலச வரிசை, பூக்கூடை, பட்டுப்புடவைத் தலைப்பு. அதை ஆறு சதுரமாக வெட்டி, அதே வரிசையில் திரும்ப ஒட்டுங்கள். மொசைக் அழகு முழுக்க இந்த இடத்தில்தான் வரும். மேலே இரண்டு மூலையிலும் கீழே நடுவிலும் 4 அங்குலச் சதுரமாக மூன்று படங்கள். இதற்கு ஓரத்தில் வெறும் பந்தலோ சுவரோ தெரிகிற படமாகப் பாருங்கள், ஏனென்றால் அகலத்தில் 2 அங்குலம் போய்விடும். மீதி 12 கட்டத்துக்கு ஒவ்வொரு முகமாக வெட்டி வையுங்கள்.

ஆக ஒரு பக்கத்துக்கு 17 படம். எதிர்ப் பக்கத்தில் இதையே இடம் வலம் மாற்றிப் போட்டால் 34 ஆகிவிடும். மிச்சம் 11 படத்தில் பாதி, ஒரே குழு நின்ற இடத்திலேயே திரும்ப எடுத்ததாக இருக்கும். அவற்றை விட்டுவிடலாம்.

வெட்டும்போது ஒவ்வொரு துண்டையும் நீளத்திலும் அகலத்திலும் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, குறைத்து வெட்டுங்கள். கட்டத்தின் நடுவில் ஒட்டினால் துண்டுகளுக்கிடையே மெல்லிய கோடு தானாக விழும். ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் போதும். கத்தரிக்கோல் நேராகப் போகாது.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பரப்பி, மொபைலில் ஒரு படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இருண்ட துண்டெல்லாம் ஒரே மூலையில் குவிந்திருந்தால் உடனே தெரியும். அப்புறம் இடம் மாற்றலாம்.

தண்ணீர்ப் பசை வேண்டாம், பிரிண்ட் சுருண்டுவிடும். ஆசிட் ஃப்ரீ என்று போட்ட டபுள் சைடு டேப் வாங்குங்கள். அவர்களின் முதல் கல்யாணப் படத்தையும் சேர்க்க நினைத்தால், தயவுசெய்து அசலில் கத்தி வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து, பிரதி எடுத்து அதை வெட்டுங்கள்.