நான்கு நிரல்மொழிகளில் வெளிவரும் திறந்த மூல நூலகத்தை ஒரே களஞ்சியத்தில் வைப்பதா, பிரிப்பதா?

சி++, பைத்தான், ஜாவா, கோ ஆகிய நான்கிலும் வெளியாகும் உங்கள் நூலகத்துக்கு எத்தனை களஞ்சியங்கள் (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் இடங்கள்) வேண்டும், நிரல் மாறும்போது தானாகவே அதைத் தொகுத்துச் சோதிக்கும் தானியங்கி பில்டுகளை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கோப்பு வடிவத்தைப் படித்து எழுதும் இத்தகைய நூலகமொன்றை நாங்கள் மூவர் சில ஆண்டுகள் பராமரித்தோம். மொழிக்கொன்றாகப் பிரித்துவைத்துவிட்டு, பிறகு அவற்றில் பாதியை மீண்டும் ஒன்றாக்கியவர்கள் நாங்கள் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

மொழியை எல்லைக்கோடாகக் கொண்டதுதான் எங்கள் பிழை. எந்தெந்தப் பகுதிகள் ஒரே கமிட்டில், அதாவது ஒன்றாகப் பதிவாகும் ஒரு மாற்றத்தில், சேர்ந்து மாற வேண்டியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். பைத்தான் பகுதி சி++ கருவின் மேல் போர்த்திய உறை மட்டுமே என்றால், கருவில் ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறும்போது உறையும் உடன் மாறியாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு களஞ்சியங்களில் இருந்தால், இரண்டு புல் ரிக்வெஸ்ட்டுகளில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கைகளில்) எதை முதலில் சேர்த்தாலும் இடைப்பட்ட நேரத்தில் ஏதோ ஒரு பக்கம் உடைந்தே கிடக்கும். வெவ்வேறு கணினிகளில் ஓடும் நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி திட்டம் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் பிரிந்திருக்கிறது. பொதுவான கருவைச் சார்ந்த சி++, பைத்தான், ரூபி, பிஎச்பி ஆகியவை ஒரே களஞ்சியத்தில் இருக்க, தனியாகவே எழுதப்பட்ட ஜாவாவுக்கும் கோவுக்கும் தனித்தனிக் களஞ்சியங்கள் உள்ளன.

இன்னும் பயனுள்ள எடுத்துக்காட்டு, பல மொழிகள் தரவைப் பொதுவான வடிவத்தில் பகிர உதவும் அப்பாச்சி ஆரோ. 2016இல் தொடங்கிய அத்திட்டம் ஏறத்தாழ எல்லா மொழிகளையும் ஒரே களஞ்சியத்தில், ஒரே வெளியீட்டு எண்ணோடு வளர்த்தது. ரஸ்ட் குழுவினர் தங்கள் பகுதியை அடிக்கடி வெளியிட விரும்பியபோது, மற்ற மொழிகள் ஆயத்தமாகும்வரை காத்திருப்பது சுமையாயிற்று. 2021இல் ரஸ்ட் பிரிந்தது, 2024இல் கோ பிரிந்தது. சி++ கருவைச் சார்ந்த பைத்தானும் ஆர் (R) மொழியும் தாய்க் களஞ்சியத்திலேயே தங்கின. பிரிந்த பின்னும் வடிவத்தின் விவரக்குறிப்பும், ஒரு மொழி எழுதியதை மற்றொரு மொழி படிக்கிறதா என்று பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனைகளும் பொதுவாகவே நீடிக்கின்றன.

இந்தச் சோதனை எங்களிடம் இல்லை. எங்கள் கோ நிரல் வெறுமையான பட்டியலை மதிப்பே இல்லாததாக எழுதிவந்தது. தான் எழுதியதைத் தானே படித்தபோது அதே பிழை எதிர்த்திசையில் நடந்து சமனாகிவிட்டதால், சோதனைகள் மாதக்கணக்கில் பச்சை விளக்கையே காட்டின. ஒரு பயனர் அக்கோப்பை ஜாவாவில் திறந்தபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எனவே மாதிரிக் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து, எல்லா மொழிகளையும் அவற்றின் மீது ஓடவிடுங்கள். எழுதுவோரையும் படிப்போரையும் இணைத்தால் நான்கு மொழிகளுக்கு 16 இணைகள் வரும், அவற்றை இரவில் ஒருமுறை ஓட்டினால் போதும்.

தானியங்கி பில்டுக்கு வருவோம். மாறிய அடைவுக்குரிய (கோப்புறைக்குரிய) மொழியை மட்டும் சோதிப்பது இயல்பான சிக்கனம்தான். ஆனால் கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில், எந்தக் கோப்புகள் மாறினால் ஓட வேண்டும் என்று சொல்லும் பாதை வடிகட்டியால் ஒரு பணியோட்டம் (வேலைகளின் தொகுப்பு) முழுவதும் தவிர்க்கப்பட்டால், கட்டாயம் எனக் குறிக்கப்பட்ட அதன் சோதனை காத்திருக்கும் நிலையிலேயே நின்று இணைப்பைத் தடுத்துவிடும். இதற்கு எல்லா வேலைகளையும் சார்ந்த ஒரு கடைசி வேலையை வைத்து, அதை மட்டும் கட்டாயமாக்குவது வழக்கம். இதிலும் ஒரு குழி உண்டு: முந்தைய வேலை தோற்றால் இந்தக் கடைசி வேலை தவிர்க்கப்படும், தவிர்க்கப்பட்ட வேலையோ தேறியதாகவே கணக்கிடப்படும். ஆகவே அது எந்நிலையிலும் ஓடும்படி நிபந்தனை கொடுத்து, மற்றவற்றின் முடிவுகளை அதற்குள் நீங்களே சரிபார்க்க வேண்டும். நாங்கள் உடைந்த நிரலை இரண்டு முறை இணைத்த பிறகே இதைப் புரிந்துகொண்டோம்.

மாறிய கோப்புகளைக் கண்டறியப் பிறர் எழுதிய ஆக்ஷனை (பணியோட்டத்தில் சேர்க்கும் ஆயத்த நிரலை) பயன்படுத்துவதானால், வெளியீட்டுக்கு இடும் அடையாளப் பெயரான டேக்கை நம்பாமல் முழுக் கமிட் எண்ணைக் குறிப்பிடுங்கள். இதே வேலையைச் செய்த மிகப் பரவலான ஓர் ஆக்ஷன் 2025 மார்ச்சில் ஊடுருவப்பட்டு, அதன் பழைய டேக்குகளே தீய நிரலைச் சுட்டும்படி மாற்றப்பட்டன.

பில்டின் உண்மையான படிகளை எங்கும் ஓடக்கூடிய ஸ்கிரிப்ட்டுகளிலும் பில்டுக்கான சூழலை விவரிக்கும் டாக்கர் கோப்புகளிலும் வைத்து, சேவைக்கான அமைப்புகளைக் கொண்ட யாமல் கோப்பு அவற்றை அழைப்பதோடு நிற்கட்டும். 2020இன் இறுதியில் டிராவிஸ் சிஐ என்னும் தானியங்கி பில்டு சேவை கட்டண முறையை மாற்றியபோது பல திட்டங்கள் இடம்பெயர நேர்ந்தது. எல்லாவற்றையும் யாமலிலேயே எழுதியிருந்த எங்களுக்கு அந்த இடமாற்றம் பல வாரங்களைத் தின்றது.

வெளியீட்டு எண்களை எல்லா மொழிகளுக்கும் ஒன்றாகப் பூட்ட வேண்டியதில்லை. தரவைச் சுருக்கி அனுப்ப உதவும் பன்மொழி நூலகமான புரோட்டோபஃப் 2022இல் முதல் எண்ணை மொழிவாரியாகப் பிரித்து, பின்னெண்ணை மட்டும் பொதுவாக வைத்தது, பைத்தான் 4.21 ஆனபோது ஜாவா 3.21 ஆகவே இருந்தது. முதல் எண் உயர்ந்தால் தன் நிரல் உடையக்கூடும் என்று பயனர் புரிந்துகொள்வதால், காரணமில்லாமல் ஜாவாக்காரரை அச்சுறுத்தாமல் விடுவது மரியாதையும்கூட.

உங்கள் நிலையில் நான் சி++ஐயும் பைத்தானையும் சேர்த்தே வைத்து, கோவையும் ஜாவாவையும் தனித்தனி அடைவுகளாக அதே களஞ்சியத்தில் தொடங்கி, வெளியீட்டு வேகம் மாறுபடும் நாளில் பிரிப்பேன். அதுவரை கோவுக்கான டேக்கின் முன்னால் அடைவின் பெயரும் சாய்கோடும் இருக்க வேண்டும். வெறும் எண்ணை மட்டும் இட்டால், உள்ளடைவில் இருக்கும் மாட்யூலின் (தனித்து வெளியிடப்படும் கோ நிரல் தொகுதியின்) வெளியீடாக அதைக் கோ கருவி ஏற்காது.