பழைய கார் வாங்கும் முன் சைலன்சரையும் புகையையும் சோதிப்பது எப்படி?

பழைய கார் ஒன்றை வாங்கும் முன் அதன் சைலன்சர் பகுதியில் கோளாறு உள்ளதா என்பதை மெக்கானிக் துணையின்றிக் கண்டறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு முடியும்; ஆனால் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். நண்பர்களுக்காக வண்டி பார்க்கச் செல்லும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுவேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் அன்றைய சோதனை பாதிதான்.

ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று எழும் ஓசை சூடேறச் சூடேற மறைந்தால், மானிஃபோல்டிலோ (இன்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பகுதி) அதன் கேஸ்கெட்டிலோ (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) கசிவு இருக்கக்கூடும். உலோகம் விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்வதால்தான் ஓடிவந்த வண்டியில் இது அகப்படுவதில்லை. அடுத்து, பின்பக்கப் புகைக்குழாய் சூடேறுவதற்குள், தடித்த துணியால் அதன் வாயைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கசிவில்லாத அமைப்பில் அழுத்தம் கையைத் தள்ளும், இன்ஜின் திணறும். கசிவு இருந்தால் வண்டிக்கு அடியிலிருந்து 'உஸ்' என்று காற்று சீறும். இணைப்புகளில் படிந்த கரிக்கோடும் அதே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்பக்க சைலன்சரின் அடியில் தெரியும் சிறு துளையைக் கண்டு பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் நீர் வடிவதற்காகத் தயாரிப்பாளரே இட்ட துளை அது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதால், குளிர்ந்த இன்ஜினின் குழாயில் நீர் சொட்டுவதும் இயல்பே.

புகையைப் பொறுத்தவரை, நிறத்தைவிட அது எப்போது வருகிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஸ்டார்ட் செய்த கணத்தில் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், அதாவது இன்ஜின் ஆயில் எரியும் அறைக்குள் கசியாமல் தடுக்கும் சிறு மூடி, தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. காலைக் குளிரில் வரும் மெல்லிய வெண்புகை வெறும் நீராவி. ஆனால் இன்ஜின் நன்கு சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையுடன் வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது என்று பொருள். அதை எரியும் அறைக்குள் விடாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அத்தகைய வண்டியை நான் விலை பேசுவதுகூட இல்லை. கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டுவது. ஏர் ஃபில்டர் அடைப்பு போன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம். புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட டீசல் காரில் மட்டும், குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள்: கரி அப்பிக்கொண்டால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது கழற்றப்பட்டிருக்கலாம்.

துருப்பிடித்த பின்பக்க சைலன்சர் விலையைக் குறைக்கக் கிடைத்த காரணம், அவ்வளவே. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அப்படியல்ல, விலை மிகுந்தது; ஆறியிருக்கும்போது கையால் தட்டினால் உள்ளே கலகலவென்று ஒலித்தால் அதன் தேன்கூட்டு அமைப்பு நொறுங்கியிருக்கும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள் என்றே கொள்வேன். காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கையடக்க ஸ்கேனர் இருந்தால் பிழைக் குறியீடுகளோடு நின்றுவிடாமல், அந்தக் கணினி தானே செய்யும் சுயசோதனைகள் முடிந்துள்ளனவா என்பதையும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும் அல்லது குறியீடுகளை அண்மையில் அழித்திருக்க வேண்டும். வண்டியைச் சில நாள் வழக்கம்போல் ஓட்டச் சொல்லிவிட்டு, மீண்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.