எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினம் ஏன் வலுவிழக்கிறது?

வினையூக்கி செலவாகாது என்றால், ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் வினைபுரியச் செய்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தில், கரிமத்தின் மேல் பதித்த வினையூக்கியான பிளாட்டினம் நாளடைவில் ஏன் திறன் குன்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாட்டினம் அங்கே 2 முதல் 5 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகக் கரித்தூளின் மேல் ஒட்டியிருக்கிறது. இக்கலத்தால் ஓடும் வாகனம் வேகமெடுத்துத் தணியும்தோறும் காற்றுப் பக்க மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 முதல் 0.95 வோல்ட் வரை ஏறி இறங்குவதால், ஆக்சைடு படலம் உருவாகிக் கலைந்து, சிறு துகள்கள் அயனிகளாகக் கரைந்து பெரிய துகள்களின் மேல் படிகின்றன. சில அயனிகள், ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரித்து புரோட்டான்களை மட்டும் கடத்தும் சவ்வுக்குள் ஊடுருவி, ஹைட்ரஜனால் மீண்டும் உலோகமாகி, பயனின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. எடை பெரிதும் குறையாவிட்டாலும் வினை நடக்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

இதைவிடக் கொடியது கரிமத்தின் அரிப்பு என்பேன். 0.207 வோல்ட்டுக்கு மேலேயே கரிமம் நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறக்கூடும். வினை மிக மெதுவானது என்பதால்தான் தப்பிக்கிறது. ஆனால், நின்றிருந்த கலத்தை இயக்கும்போது, ஹைட்ரஜன் பக்கம் புகுந்திருந்த காற்றை ஹைட்ரஜன் தள்ளிக்கொண்டு வரும் அந்தச் சிறு பொழுதில், எதிரே காற்றுப் பக்க மின்னழுத்தம் 1.5 வோல்ட் வரை எகிற, துகள்களைத் தாங்கும் கரிமமே அரிக்கப்பட்டு அவை பிடிமானம் இழக்கின்றன.

கிராஃபைட்டாக்கிய கரிமம் அரிப்பை நன்கு தாங்கும். எனினும் அதன் வழவழப்பான பரப்பில் துகள்கள் ஊன்ற இடம் குறைவு. 2014இல் வந்த டொயோட்டா மிராய் காரில் பயன்பட்ட பிளாட்டினம்-கோபால்ட் கலவை வினைத்திறனை உயர்த்துகிறது. ஆனால் இத்தகைய கலவைகளில் கசியும் கோபால்ட் சவ்வின் புரோட்டான் கடத்தலைக் குறைக்கும்.