கொப்பிக் கடனுக்கு ஓராண்டுதான் தவணை

கேள்வி: சுன்னாகத்தில் சிறியதொரு கட்டடப் பொருட் கடை நடத்துகிறேன். வீடு கட்டிய உறவினர் ஒருவர் சீமெந்து, கம்பி என்று 280,000 ரூபாவுக்குக் கடனாக எடுத்தார். எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. கடைசியாகப் பொருள் எடுத்துப் பத்து மாதங்களாகின்றன. கனடாவிலுள்ள தம்பி காசு அனுப்பியதும் தருவதாகச் சொல்கிறார். இன்னும் பொறுக்கலாமா, ஐயா?

பதில்: பொறுக்க வேண்டாம். இலங்கையில் வழக்குத் தொடரும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும், பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த கைமாற்றுக்கு 3 ஆண்டுகளும், எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கும் வாக்குறுதிச் சீட்டுக்கும் 6 ஆண்டுகளும் தரும் அதே சட்டம், கடைக்காரருக்கே மிகக் குறைந்த காலத்தை விட்டிருப்பதை நம்மவர் பலர் அறியாதிருப்பது எனக்குப் பெரும் கவலை. நீங்கள் கடைசிக் கொள்வனவிலிருந்து கணக்கிடுகிறீர்கள். தவணை எதுவும் பேசாதிருந்தால், அத்திவாரத்துக்கு எடுத்த முதற் சீமெந்துக்கான காலம் இதற்குள் முடிந்திருக்கவும் கூடும்.

ஆகவே, இந்த வாரமே கணக்கைக் கூட்டி எடுத்துச் சென்று, முழுத் தொகையையும் இன்ன திகதிக்குள் தருவதாக அவரிடம் வாக்குறுதிச் சீட்டு எழுதிக் கையொப்பம் பெறுங்கள். 'தருகிறேன்' என்ற வாய்ச்சொல் காலத்தை நீட்டாது. கடனாளி கையொப்பமிட்ட எழுத்துக்கே அந்த வலு உண்டு. ஒரு பகுதிப் பணம் தந்தாலும், எந்தக் கணக்குக்கு என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். உறவினரிடம் ஒப்பம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். தருவதாகச் சொல்பவர் அதையே எழுத்தில் தருவதில் அவருக்கு இழப்பேதுமில்லை.

அவர் மறுத்தால், காலம் முடியுமுன் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். இவ்வளவு தொகைக்கான பிணக்கை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசென்று, அங்கு இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றத்தை நாட முடியும் என்பதால், கடைசி வாரம்வரை தாமதிப்பது ஆபத்தானது. கொப்பியையும் பற்றுச்சீட்டுப் பிரதிகளையும், பொருள் ஏற்றி இறக்கிய லொறிக்காரரின் விபரத்தையும் இப்போதே ஒன்றுசேர்த்து வையுங்கள்.